மரங்கொத்தியின் முதுகு என்ன நிறம்?

அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு உதவி. பறவைகளின் இனக்கலப்பு பற்றி ஆய்வு செய்கிறேன். இலங்கையின் தெற்கில் இருப்பது சிவப்பு முதுகு மரங்கொத்தி. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் மஞ்சள் முதுகு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்து, செம்மஞ்சள் முதுகுக்காரர்கள் பிறக்கிறார்கள். ஆனாலும் இரண்டும் ஒன்றாகக் கரைந்துபோகவில்லை. அதுதான் எனக்குப் புதிர். சிவப்பு இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது என்பதால் கவலையும்தான்.

போன கிழமை வாகரையில் ஒரு வளவுத் தென்னையில் ஒன்றைக் கண்டேன். முதுகு சிவப்பு, தோளில் மட்டும் மஞ்சள் பூசின மாதிரி. போனை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. சரி, என் அதிஷ்டம் அவ்வளவுதான்.

வெருகல், கதிரவெளி, வாழைச்சேனைப் பக்கம் இருப்பவர்கள் முதுகு தெரிய ஒரு போட்டோ, இடம், திகதியோடு போடுங்கள். கொண்டையை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள், அது எல்லாவற்றுக்கும் சிவப்புத்தான்! பொந்துக்குள் கை விடவும் வேண்டாம்.