தனுஷ்கோடி மணலில் மொண்டு குடித்த தண்ணீர்

தனுஷ்கோடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ரோடு முடிகிற அரிச்சல்முனையில் நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டாம் தடவை ஆடி மாதத்தில், இடிந்த சர்ச் பக்கம் இறங்கி, அடும்புக் கொடி காலில் சிக்க, ராவணன் மீசைப் புல் குத்தக் குத்த நடந்தேன். தெற்கே மன்னார் வளைகுடா, அந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஆண் கடல், இரைச்சல் தாங்கவில்லை. வடக்கே பெண் கடல், பாக் நீரிணை, அலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில், குடிசைக்குப் பின்னால் ஒரு பாட்டி மணல் குழிக்குள் குனிந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் கேட்டு வாங்கி மொண்டேன், ஆர்வத்தில் சிரட்டையை அடிவரை விட்டுவிட்டேன். "மேல இருக்கிறத மட்டும் மொள்ளு தம்பி, கலக்குனா உப்பு ஏறிரும்" என்றார். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் கனம் குறைவு என்பதால் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரண்டு பக்கமும் கடல் தெரிய நின்றுகொண்டு அதைக் குடித்தபோது, சத்தியமாக இளநீர் மாதிரி இருந்தது.

•

உங்கள் பதிவைப் படித்தேன். நான் போனது தை மாதம், நீங்கள் பார்த்ததற்கு நேர் எதிர். வாடைக்காற்றில் பெண் கடல்தான் சீறுகிறது, ஆண் கடல் குளம் மாதிரி. பேரை வைத்து ஏமாந்து குளிக்க இறங்கிவிடாதீர்கள். தெற்குக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றைப் பிடித்து இழுத்தபடி பின்பக்கமாகவே நடக்க வேண்டும், அரை மணி நேரத்தில் எனக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வலை கரையேறியதும் பார்த்தால் கொஞ்சம் சூடை மீன், கொஞ்சம் காரல் மீன். இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன், அவர்கள் ஒன்றும் சொல்லாமல் கூறு போட்டார்கள்.

•

நான் உங்கள் இருவருக்கும் முன்னால், 2017-ல் ரோடு வருவதற்கு முன்பே போனவன். முகுந்தராயர் சத்திரத்தில் வேன் ஏறினால் மணலிலும் தண்ணீரிலும் குலுக்கிக் குலுக்கித்தான் கொண்டுபோவார்கள். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு கடலில் போனவர்களைப் பற்றி டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார், வேனில் யாரும் பேசவில்லை. அது சரி, பாட்டி தண்ணீர் மொண்ட அந்த ஊற்று எந்த இடத்தில் என்று சொல்ல முடியுமா? அடுத்த மாதம் போகிறேன்.

•

பதிவு எழுதியவன்தான் பேசுகிறேன். இடத்தைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. போன வருடம் நானே தேடிப் போனேன், குழி மணல் மூடிக் கிடந்தது. பாட்டி பத்தடி தள்ளி வேறு தோண்டியிருந்தார்.