காட்டோரத்தில் விளக்கு வந்த பிறகு: வௌவாலையும் அந்துப்பூச்சியையும் கண்டவர்கள் எழுதுங்கள்

இரவுநடை:
சென்ற வாரம் கண்டது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. சிறு காடு ஒன்றின் ஓரத்தில் புதிதாக நட்ட கம்பத்தின் கீழே நின்றிருந்தேன். வெண்ணிற எல்இடி வெளிச்சத்தில் நான்கைந்து அந்துப்பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வௌவால் இரைதேட எழுப்பும், மனிதருக்குக் கேளாத மீயொலி காதில் பட்டதும் இறக்கையை மடக்கிக் கல்லைப் போல விழுந்து தப்பும் வகை அவை. இருட்டில் அவ்வாறு விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று ஒன்றுகூட விழவில்லை. வௌவால் மூன்று முறை வந்தது, மூன்றைக் கொண்டுபோயிற்று. கடைசியாக ஓர் இறக்கை மட்டும் சுழன்றிறங்கி என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. அதன் செதில்பொடி இரண்டு நாள் கழித்தும் துணியில் இருந்தது.

கம்பத்தடி:
வௌவாலுக்கு இரை எளிதாகக் கிடைப்பதில் வருந்த என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. நான் நடக்கும் பாதையில் முன்பு ஒரு வௌவாலைக் காண்பதே அரிது. இப்போது கம்பத்துக்கு இரண்டு பறக்கின்றன.

பட்டமரம்:
கம்பத்தடியாரே, முன்பு இருட்டாக இருந்ததால் உங்கள் கண்ணில் படாமலும் போயிருக்கலாம். விளக்கடிக்கு வருபவை வெட்டவெளியில் வேகமாகப் பறக்கும் இனங்கள். அகன்ற சிறகுடன் கிளைகளுக்கிடையே மெல்லப் பறந்து வேட்டையாடும் காட்டு இனங்கள் வெளிச்சத்தைக் கண்டால் பாதையையே மாற்றிக்கொள்கின்றன. பட்ட மரமொன்றின் பொந்திலிருந்து அந்தியில் வெளிவருபவற்றை எண்ணுவது என் வழக்கம், இருபதுக்குக் குறைந்ததில்லை. எதிரே விளக்கு எரியத் தொடங்கிய முதல் மாலையில், ஒரு சிறு முகம் பொந்தின் வாய்வரை வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. முதல் வௌவால் பறப்பதற்குள் முக்கால் மணி நேரம் கடந்துவிட்டது. பூச்சிகள் மிகுதியாகப் பறக்கும் பொழுதும் அதனுடன் போயிற்று. அடுத்த மாதம் பொந்து வெறுமையாகக் கிடந்தது.

சருகு:
நான் கண்டது சிறிது: வேலியோரப் புதரில் ஆண்டுதோறும் பார்த்த கம்பளிப்புழுக்கள் விளக்கு வந்தபின் இல்லை. 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றிலும், தெருவிளக்கு படும் வேலிப்புதர்களில் புழுக்கள் 47 விழுக்காடு குறைவாக இருந்தன. மஞ்சளாக எரியும் பழைய சோடியம் விளக்கைவிட வெண்ணிற எல்இடியின் கேடு மிகுதி. ஆகவே விளக்கு தவிர்க்க முடியாததென்றால், நீலம் குறைந்த மஞ்சள் ஒளியைக் கேளுங்கள். ஒளி பக்கவாட்டில் சிதறாதபடி மேல்மூடி போடச் சொல்லுங்கள். நள்ளிரவுக்குப் பின் அணைக்க வற்புறுத்துங்கள். ஆனால் விளக்கை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சருகைக் கூட்டி எரித்தால் அதனடியில் இருக்கும் கூட்டுப்புழுக்களும் எரிகின்றன. அடிப்புதரை வெட்டிப் பூங்காவைப் போலாக்கினால் புழுவுக்கு உணவில்லை. பட்ட மரத்தைச் சாய்த்தால் வௌவாலுக்குப் பொந்தில்லை. வௌவால்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒரு கூட்டம் கலைந்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகளாகும்.

இரவுநடை:
நான் ஆலோசனை கேட்கவில்லை. இருப்பினும் மேல்மூடி பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். அந்த இறக்கையைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்: சாம்பல் நிறம், ஓரத்தில் இரண்டு கருங்கோடுகள், நடுவே வெளிறிய வளையம். எந்த இனமென்று யாருக்கேனும் தெரியுமா?