மண்டையோடு உரித்தலா, மூளைப்பகுதி பிரித்தெடுப்பா?

வணக்கம் நண்பர்களே. தலையின் எம்ஆர்ஐ படத்திலிருந்து மற்றதையெல்லாம் மென்பொருளால் நீக்கி மூளையை மட்டும் எடுக்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் skull stripping) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. ஒருவர் சொன்னது:

> மண்டையோடு உரித்தல் என்றே வைத்துவிடலாம். ஆங்கிலத்திலும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

ஐயா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் உரிப்பது தோலையும் மட்டையையும். ஓட்டை உடைக்கத்தான் முடியும். தேங்காய் உரித்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அது கிடக்கட்டும். எம்ஆர்ஐ படத்தில் மண்டையோடு சரியாகத் தெரிவதே இல்லை. கெட்டி எலும்பிலிருந்து வரும் சமிக்ஞை மிகக் குறைவு, கறுப்பாக விழுந்துவிடும். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் தலையைச் சுற்றிப் பளீரென்று தெரியும் வெள்ளை வளையம் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. மென்பொருள் அதைக் கழிக்கிறது. கூடவே கண்விழி, கழுத்துத் தசை, மூளையுறை எல்லாவற்றையும். சிடி படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும், அங்கே வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தலாம்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஸ்டீபன் ஸ்மித் 2002இல் வெளியிட்ட 'பெட்' (BET, Brain Extraction Tool) என்ற மென்பொருள் முறையைப் பாருங்கள். மூளையின் நடுவில் ஒரு சிறு உருண்டையை வைத்து பலூன்போல ஊதுகிறது. அதன் பரப்பு மூளையின் ஓரத்தில் போய் நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். வழக்கமாக 0.5; குறைத்தால் எல்லை விரியும். நான் 0.3 கொடுத்தபோது ஒரு கண் மூளையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சரி என்று 0.7 கொடுத்தேன், நெற்றிப் பக்கத்துப் புறணி (மூளையின் மேலடுக்கு) கொஞ்சம் பறிபோனது. ஆக, வேலையெல்லாம் மூளையின் ஓரத்தைக் கண்டுபிடிப்பதில்தான். கழிப்பதை வைத்துப் பெயரிடாமல் மிஞ்சுவதை வைத்துப் பெயரிடலாமே.

என் முதல் எண்ணம் 'மூளை பிரித்தெடுப்பு'. (நடுவில் ப் வராது, இரண்டாம் வேற்றுமைத் தொகை.) ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது, "பிரேதப் பரிசோதனையா?" என்றார்கள். நோயாளியின் கையில் போகும் தாளில் இது இருந்தால் வம்பு. அதனால் 'மூளைப்பகுதி பிரித்தெடுப்பு'. பகுதி என்றதும் பேச்சு படத்தைப் பற்றியது என்று புரிந்துவிடுகிறது. 'தானியங்கி' தேவைப்படும் இடத்தில் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று பாக்கி. இதன் விளைவாக வரும் 0, 1 படத்தை (மூளை இருக்கும் இடம் 1, மற்றது 0; ஆங்கிலத்தில் mask) 'முகமூடி' என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். மூளைக்கு முகமூடியா! 'மறைப்பு' என்றாலும் இடிக்கிறது, 1 என்று குறித்த இடம்தானே தெரியப்போகிறது? 'மூளைத்தடம்' எப்படி?