திருச்சி கொள்ளிடம் பழைய பாலம் ஏன் விழுந்துச்சு?

கேள்வி: 2018 வெள்ளத்துல பழைய பாலம் மட்டும் விழுந்து பக்கத்துல புதுசு எப்படி நின்னுச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: பழசு 1928ல கட்டுனதுங்க, திருவானைக்காவல்லேர்ந்து நம்பர் 1 டோல்கேட் போக அந்தக் காலத்துல அதான் வழி, சென்னை பஸ்ஸும் அதுலதான் போச்சு, 2016ல புதுசு திறந்ததும் வண்டி விடுறத நிறுத்திட்டாங்க.

பதில் 2: மேட்டூர் அணை நிரம்பி, காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியுற முக்கொம்புலேர்ந்து கொள்ளிடத்துல திறந்துவிட்ட தண்ணி அடியில மணல அரிச்சு, மொதல்ல தூண்ல விரிசல், அப்புறம் ராத்திரியில அப்படியே உள்ள போயிடுச்சு. அதே வாரம், ஆகஸ்ட் 22ல, முக்கொம்பு மேலணை ஷட்டர்களும் அடிச்சுட்டுப் போச்சு. மணல் அள்ளி அள்ளி ஆத்தை இப்படிப் பள்ளமாக்குனா எந்தத் தூண்தான் தாங்கும்?

பதில் 3: புதுசும் தப்பிச்சுச்சுன்னு சொல்லாதீங்க அண்ணே, 2024 ஆகஸ்ட்ல அதைக் காப்பாத்தக் கட்டுன தடுப்புச் சுவரையே வெள்ளம் கொண்டுபோச்சு.