சோவியெஷு மறைத்தால் துரோகம், ஹெயின்ரி மறைத்தால் காதலா?

வடக்குவாசல்:
முழுக் கதையையும் அறிந்தவர்களுக்கான இழை இது. முடிவு தெரிய விரும்பாதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். ஆல்ஃபாடார்ட்டின் இணைய நாவலைத் தழுவி, சும்புலின் ஓவியத்தில் 2019 முதல் நேவர் தளத்தில் வெளிவந்த ‘தி ரீமேரீட் எம்ப்ரஸ்’ என்ற கொரிய வெப்டூனை (இணையச் சித்திரத் தொடரை)ப் பற்றிப் பேசுகிறேன். கிழக்குப் பேரரசன் சோவியெஷு, தப்பியோடி வந்த அடிமைப் பெண்ணான ராஷ்டாவை ஆசைநாயகியாக்கி, அவள் வயிற்றுக் குழந்தை முறையான வாரிசாக வேண்டும் என்பதற்காகப் பேரரசி நவியேரை மணவிலக்குச் செய்கிறான். ஓராண்டு கழித்து நவியேரையே மீண்டும் அரியணையில் அமர்த்துவது அவன் கணக்கு. அந்தக் கணக்கை அவளிடம் அவன் சொல்லவே இல்லை. இதைத் துரோகம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் மேற்கு நாட்டு இளவரசன் ஹெயின்ரி, பொன்னிறப் பறவையாக உருமாறி அவளுடைய சாளரத்துக்கு வந்து, அவள் ‘குயீன்’ என்று பெயரிட்டுக் கொஞ்சுவதை ஏற்றுக்கொண்டு, வேறு எவரிடமும் அவள் காட்டாத வேதனையைக் கண்டுவிட்டு, பிறகு மனித உருவில் எதிரே வந்து ஒன்றும் அறியாதவன்போல நிற்கிறானே, அதை மட்டும் ஏன் இனிமையான குறும்பு என்கிறோம்? இருவரும் அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தம் கையில் வைத்திருந்தார்கள். ஒருவன் நாயகன் என்பதால் வாசகர்களுடைய தராசு சாய்ந்துவிட்டது என்பதே என் வாதம்.

மரகதவல்லி:
மறைத்தான் என்ற ஒரே சொல்லில் இரண்டு செயல்களையும் அடக்கிவிட்டீர்கள், நண்பரே. மறைத்ததை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையல்லவா பார்க்க வேண்டும்? சோவியெஷு தொடக்கத்திலிருந்தே நவியேரின் இடத்தில் நின்று அவளுக்காகத் தானே முடிவெடுக்கிறான். ராஷ்டாவுக்கு அவன் அனுப்பிய பரிசுகள் நவியேரின் பெயரில் போகின்றன. அவள் அனுப்பவில்லை என்று உண்மையைச் சொன்னால், கோபம் அவள்மீதே திரும்புகிறது. தன் மனைவியின் பெயரையே கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியவன், பின்னர் அவளுடைய ஓராண்டு வாழ்வையும் அதேபோல எடுத்துக்கொள்கிறான். சிறுவயதிலிருந்து ஒன்றாகப் பயிற்சி பெற்று வளர்ந்த இருவருக்கிடையே இது நிகழ்வதால்தான் அந்த முறிவு இவ்வளவு வலிக்கிறது. அவளுக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்ற முடிவுக்கு வந்ததும் அவனேதான். மறுமணத்துக்குப் பிறகு அவள் கருவுறும்போது அதன் அபத்தம் வெளிப்படுகிறது.

ஹெயின்ரியோ அவளுக்காக எந்த முடிவையும் எடுக்கவில்லை. மணப்பெண் தேடிக்கொண்டிருந்த அவனிடம், தன்னையே மணக்கலாமே என்று முன்மொழிந்தவள் நவியேர்தான். மணவிலக்கு மன்றத்தில் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் மறுமணத்துக்கு ஒப்புதல் கேட்கும் அந்தக் காட்சியில் அவளை யாரும் கைப்பிடித்து நடத்தவில்லை.

வடக்குவாசல்:
முன்மொழிந்தவள் அவள்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த முன்மொழிவுக்கு முன்பு அவள் எவ்வளவு அறிந்திருந்தாள், அவன் எவ்வளவு அறிந்திருந்தான் என்று எண்ணிப் பாருங்கள். பறவை கொண்டுவந்த குறிப்புகளின் வழியே முகமறியாத ஒருவருடன் அவள் கடிதத் தோழமை கொண்டிருந்தாள். எதிர்முனையில் இருப்பவள் பேரரசி என்பதை அறிந்துகொண்டே அவன் எழுதினான். அந்தத் தோழி நான்தான் என்று ராஷ்டா பொய் சொன்னபோது அவனால் அவளை எளிதில் சோதித்து மடக்க முடிந்ததற்குக் காரணம் கூர்மையான அறிவு மட்டுமல்ல, உண்மை முன்பே அவன் கையில் இருந்தது. ஒரு பக்கத்துச் சீட்டுகள் மட்டும் திறந்து கிடக்கும் ஆட்டத்தில், மற்றவர் விரும்பித்தான் ஆடினார் என்று சொல்வது எனக்குப் போதவில்லை.

கட்டம்_கட்டமாய்:
இருவரும் பாத்திரங்களையே விசாரிக்கிறீர்கள். ஓவியத்தையும் கொஞ்சம் கூண்டில் ஏற்றுங்கள். குயீன் யார் என்பது நவியேருக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் பறவையை அணைத்துக்கொள்ளும்போது அது திணறிக் கூசுவதைப் பெரிய கட்டத்தில் வரைந்து நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். சிரித்த கணத்திலேயே நாம் அவனுடைய கூட்டாளிகளாகிவிடுகிறோம், பிறகு அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. சோவியெஷுவின் திட்டம் வெளிப்படும் கட்டங்களில் நாம் நவியேரின் பக்கம் நின்று அதிர்கிறோம். மேலும், மணவிலக்கு மன்றக் காட்சியைக் கதையின் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், சோவியெஷு ஒருபோதும் ஐயத்தின் பலனைப் பெறுவதில்லை. அவன் அன்பாகப் பேசும் இடங்களில்கூட நாம் முன்கூட்டியே பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கிரேக்கத் தெய்வக் கதையைத் தழுவிய ரேச்சல் ஸ்மைத்தின் ‘லோர் ஒலிம்பஸ்’ வெப்டூன் உதவும். 2018-இல் தொடங்கிய அந்தத் தொடரில், சினத்தில் மனிதர்களைக் கொன்றதைப் பெர்சிஃபோனி தன் காதலன் ஹேடிஸிடம் நெடுநாள் மறைக்கிறாள். அப்போலோ தனக்கு இழைத்த வன்கொடுமையை அவள் முதலில் சொல்வதும் ஹேடிஸிடம் அன்று, ஈரோஸிடம். இவற்றை எந்த வாசகரும் நம்பிக்கைத் துரோகம் என்று எண்ணமாட்டார், ஏனெனில் அச்சமும் காயமுமே அங்கு வாயை அடைக்கின்றன. ஹெயின்ரியின் பறவை வேடத்துக்கு அப்படி எந்த நெருக்கடியும் கிடையாது, அது அவனுக்கு இன்பமாகவே இருக்கிறது. அந்த அளவில் நான் வடக்குவாசலின் பக்கம்.

மரகதவல்லி:
உருமாறும் ஆற்றல் அவனுடைய குடும்ப இரகசியம் என்பதை மறந்துவிட வேண்டாம். அவனுடைய உதவியாளன் மெக்கென்னாவும் பறவையாக மாறக்கூடியவன். நீலப் பறவை வடிவில் சோவியெஷுவின் அம்பு பட்டு உயிருக்குப் போராடியவன். அந்நிய அரண்மனையில் உயிரோடு விளையாடும் இரகசியத்தை, அந்நிய அரசியிடம் முதல் சந்திப்பிலேயே அவன் சொல்லியிருக்க வேண்டும் என்பது நியாயமா? வேடம் அவனுக்கு இன்பமாக இருந்தது உண்மைதான். அது அவனை ஒழுங்கற்றவன் ஆக்கலாம், துரோகி ஆக்காது.

வடக்குவாசல்:
பறவையை விட்டுவிடுவோம். எல்லோரும் பறவையைப் பற்றியே சண்டையிடுவதால்தான் அதைவிடப் பெரிய மறைப்பு பேச்சிலேயே வருவதில்லை. கிழக்குப் பேரரசின் பலமான மந்திரவாதிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதற்குப் பின்னால் ஹெயின்ரியின் கை இருக்கிறது. கிழக்குப் பேரரசைப் பலவீனமாக்கிப் போருக்குத் தயாராவது அவனுடைய பழைய திட்டம். நவியேர் ஆதரவு தந்து படிக்க வைத்த எவெலி என்ற மாணவி தன் மந்திர ஆற்றலை இழப்பது அந்தத் திட்டத்தின் விளைவு. அவளுக்காக நவியேர் வருந்தியதை நாம் பார்த்தோம். அந்த வருத்தத்துக்குக் காரணமானவனே அவளுக்கு ஆறுதலாகவும் வந்து நிற்கிறான். சோவியெஷு தன் மனைவியின் வாழ்வைப் பறித்தான், ஹெயின்ரி முகம் தெரியாத பலருடைய வாழ்வைப் பறித்தான். இரண்டாவதை ஏன் எளிதாகக் கடந்துபோகிறோம்?

மரகதவல்லி:
அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது அவன் நவியேரை அறியமாட்டான். அவளை அறிந்த பிறகு போரையே கைவிடுகிறான். காதலுக்கு முந்தைய அரசியலைக் காதலுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தக்கூடாது.

கட்டம்_கட்டமாய்:
இந்த விடையில்தான் இவ்வகைக் கதைகளின் குறை முழுதாகத் தெரிகிறது. நம்பிக்கை என்பதைக் காதலர் இருவருக்கிடையே மட்டும் எண்ணிவிட்டு, மூன்றாம் ஆளுடைய இழப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறார்கள். போரைக் கைவிட்டது நவியேருக்கு நல்ல செய்தி. எவெலிக்கு அதனால் என்ன மீண்டது? ராஷ்டாவையும் பாருங்கள். ஹெயின்ரியின் நண்பன் எர்கி பிரபு அவளுக்குத் தோழனாக நடித்து, கடன் கொடுத்து, ஆவணங்களில் கையெழுத்து வாங்கி, அவளை வீழ்ச்சிக்குத் தள்ளுகிறான். ராஷ்டா பல கொடுமைகளைச் செய்தவள் என்பதால் வாசகர்கள் கைதட்டுகிறார்கள், எனக்கும் அவள்மேல் பெரிய இரக்கமில்லை. இருந்தாலும் இக்கதையில் முழுமனதாக இன்னொருவரை நம்பி ஏமாந்தவர்களின் பட்டியலில் அவளுக்கும் இடமுண்டு.

மரகதவல்லி:
எர்கியின் பழியை ஹெயின்ரியின் கணக்கில் எழுத நான் இசையமாட்டேன். எர்கிக்குக் கிழக்குப் பேரரசின் மீது தனிப் பகை இருந்தது. எவெலியைப் பொறுத்தவரை நீங்கள் கேட்பது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவன் அரசன் ஹெயின்ரி. நவியேரின் கணவன் ஹெயின்ரியை அதற்காகக் கூண்டில் ஏற்றுவதை நான் இன்னமும் மறுக்கிறேன்.

வடக்குவாசல்:
அந்த இரண்டு ஹெயின்ரிகளையும் நவியேரால் பிரித்துப் பார்க்க முடியுமா? முதல் திருமணத்தில் கணவன் வேறு, பேரரசன் வேறு என்று பிரித்துப் பார்த்துத்தான் அவள் அவ்வளவு காலம் பொறுத்திருந்தாள்.