ஆக்டாபேட் நோட்டை ரீப்பர்ல இடம் மாத்தினா ரெண்டு பேடும் ஒரே சத்தம் கொடுக்குது, என்ன செய்யலாம்?

கச்சேரிபேட் எழுதியது:

வணக்கம். மெல்லிசைக் குழுவுல 14 வருஷமா ஆக்டாபேட் (குச்சியால அடிக்கற எட்டு பேடு எலக்ட்ரானிக் தாளக்கருவி) வாசிக்கிறேன். கையில குச்சி இருந்தா தைரியம் வரும், மவுஸைப் பிடிச்சா வேர்க்குது. புரட்டாசி, கல்யாணம் கிடையாது. சும்மா இருக்கற நேரத்துல வீட்டுலயே ரிதம் ட்ராக் எடுத்துப் பழகலாம்னு ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டு உக்கார்ந்தேன்.

என் பேட் மேல் வரிசையில 60, 61, 62, 63, கீழ் வரிசையில 64, 65, 66, 67ன்னு மிடி (கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கற முறை) நோட் நம்பர் அனுப்புது. கால் பெடல் 36. எல்லாமே சேனல் 10. சாம்ப்ளர்ல (நோட் வந்தா பதிவு பண்ணின சத்தத்தை எழுப்பற ப்ளக்இன்) போட்டிருக்கற தபேலா செட்டுல 60 'நா'ங்கற தபேலா அடி, 64 டக்கா (கனத்த சத்தம்). எனக்கு இது தலைகீழ். மேடையில டக்கா மேல் வரிசை முதல் பேடு, 'நா' அதுக்கு நேர் கீழ. 14 வருஷப் பழக்கம், கை கேக்காது.

அதனால நோட் மாத்தற ப்ளக்இன் ரெண்டு போட்டேன். முதல்ல 60ஐ 64 ஆக்கினேன், அடுத்ததுல 64ஐ 60 ஆக்கினேன். இப்ப எதை அடிச்சாலும் 'நா'தான் வருது, டக்கா செத்துப்போச்சு.

இன்னொண்ணு. 66, 67 ரெண்டும் தவில். அது மட்டும் சேனல் 2க்குப் போய் வேற சாம்ப்ளர்ல விழணும்.

மூணாவது தலைவலி: கால் பெடலை மிதிச்சிருக்கறப்ப 63 அடிச்சா 70 போகற மாதிரி நண்பர் ஒருத்தர் சின்னதா எழுதிக் கொடுத்தார். 70ல ஷேக்கர் லூப் இருக்கு. சிலசமயம் அது நிக்கவே மாட்டேங்குது. ஸ்டாப் அழுத்தினாத்தான் அடங்குது.

பேட்லயே நம்பரை மாத்துங்கன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. ஒருதரம் மாத்திட்டு, பழையபடி வைக்க மறந்து கச்சேரிக்குப் போயிட்டேன். அங்க பேடை ஒரு சவுண்ட் மாட்யூல்ல கோத்திருந்தோம். கிக் மிதிச்சா 72 போய் நீளமா விசில் ஊதுச்சு. சோகப் பாட்டு வேற. பாடின அக்கா திரும்பிப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

பழையகீபோர்டு எழுதியது:

தம்பி, அந்த விசில் ஜெனரல் மிடி (எந்த நம்பருக்கு எந்தச் சத்தம்ங்கற பொதுப் பட்டியல்) கணக்குப்படி சரியாத்தான் வந்திருக்கு. 1991ல வந்த அந்தப் பட்டியல்ல சேனல் 10ன்னா தாளக்கருவி, 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடின ஹைஹேட், 72 நீள விசில்.

உங்க முதல் சிக்கல் ப்ளக்இன்னோட தப்பு இல்ல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சா முதல் ஆள் விட்டதைத்தான் ரெண்டாவது ஆள் பாக்கறான். 60 வந்து 64 ஆச்சு, ரெண்டாவது ஆள் அதைத் திரும்ப 60 ஆக்கிட்டான். நிஜமான 64ம் அவன்கிட்ட 60 ஆயிடுச்சு. மேடையில ரெண்டு பேர் நாற்காலி மாத்திக்கணும்னா ஒருத்தர் முதல்ல எந்திரிச்சு ஓரமா நிக்கணும் இல்லையா? 60ஐ 127க்கு அனுப்புங்க, அப்புறம் 64ஐ 60 ஆக்குங்க, கடைசியா 127ஐ 64 ஆக்குங்க. 127ல எந்த பேடும் இல்லாத வரைக்கும் வேலை செய்யும்.

நான் க்யூபேஸ்ங்கற வேற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஆள். அங்க ட்ரம் மேப்னு ஒரே அட்டவணை. உள்ளே வர நோட், வெளியே போற நோட், சேனல் மூணும் ஒரே வரிசையில எழுதிடலாம், இந்த நாற்காலி விவகாரமே கிடையாது.

ஒரு எச்சரிக்கை: யார்கிட்ட பேசினாலும் நம்பராவே பேசுங்க, ஸ்வரப் பேர் வேண்டாம். அதே 60ஐ ரீப்பர் சி4ன்னு காட்டும், க்யூபேஸ் சி3ங்கும், எஃப்எல் ஸ்டுடியோ சி5ங்கும். இதுல ஒரு ஆக்டேவ் தவறி நான் ஒரு ராத்திரியே தொலைச்சிருக்கேன்.

பைட்பித்து எழுதியது:

அண்ணன் சொன்ன 127 வழி ரெண்டு நோட்டுக்குச் சரி. எட்டு பேடு, ரெண்டு சேனல்னு போனா ப்ளக்இன் வரிசை ரயில் மாதிரி நீளும். ரீப்பர்ல ஜேஎஸ்எஃப்எக்ஸ் (நாமளே சின்ன ப்ளக்இன் எழுதிக்கற வசதி) இருக்கறப்ப எதுக்கு அது? இருபது வரி போதும்.

மிடி நோட் ஒண்ணு மூணு பைட். முதல் பைட்ல என்ன செய்திங்கறதும் சேனலும் சேர்ந்தே இருக்கும். நோட் ஆன் 144ல தொடங்குது, நோட் ஆஃப் 128ல. சேனலை உள்ளுக்குள்ள 0ல இருந்து எண்ணுவாங்க, அதனால சேனல் 10ன்னா 9ஐக் கூட்டணும்: ஆன் 153, ஆஃப் 137. சேனல் 2ன்னா 145, 129. ரெண்டாவது பைட் நோட் நம்பர், மூணாவது எவ்வளவு வேகமா அடிச்சீங்கங்கறது. நோட் ஆன் வந்து மூணாவது பைட் 0ன்னா அதுவும் ஆஃப்தான், இதை விட்டுடாதீங்க.

128 கட்டம் உள்ள அட்டவணை ரெண்டு வைங்க: இந்த நோட் எந்த நோட்டாப் போகணும், எந்த சேனலுக்குப் போகணும். வர செய்தியை ஒருதரம் மட்டும் பாத்து மாத்தி அனுப்பினா 60ம் 64ம் மோதவே மோதாது.

இப்ப ஷேக்கர். பேடுக்கு விரலை எடுக்கறதுன்னு ஒண்ணு கிடையாது. அடிச்சதும் ஆன் போகும், நீங்க வெச்சிருக்கற கேட் டைம் (நோட் நீடிக்கற நேரம்) முடிஞ்சதும் பேடே ஆஃப் அனுப்பும். அது ரெண்டு செகண்ட்னு வைங்க. பெடலை மிதிச்சு அடிச்சீங்க, 70க்கு ஆன் போச்சு. ஒரு செகண்ட்ல காலை எடுத்துட்டீங்க. ஆஃப் வரும்போது பெடல் மேல இருக்கு, அதனால அது 63க்குப் போகுது. 70க்கு யாரும் நிறுத்தச் சொல்லல, அது பாட்டுக்கு ஓடுது.

அதனால மூணாவதா ஒரு அட்டவணை. ஆன் அனுப்பறப்ப 'இந்த பேடுக்கு 70 அனுப்பினேன்'னு அதுல எழுதி வைங்க. ஆஃப் வந்தா பெடலைப் பாக்காதீங்க, அட்டவணையைப் பாருங்க. சேனலையும் கூடவே எழுதிக்கணும். தொங்கற நோட்டுல பாதி இதனாலதான் வருது, ஆனா எல்லாரும் பாவம் கேபிளைத்தான் திட்டறாங்க.

சிம்பல் பேடு உள்ளவங்களுக்கு: விளிம்பைக் கையால பிடிச்சு சத்தத்தை அடக்கறதை சில மாட்யூல்கள் பாலி ஆஃப்டர்டச்சா (ஒரு நோட் மேல எவ்வளவு அழுத்தம்ங்கற செய்தி) அனுப்பும். அது 160ல தொடங்குது, அதுலயும் ரெண்டாவது பைட் நோட் நம்பர்தான். அதை மாத்தாம விட்டா அடி ஒரு சிம்பல்ல விழும், பிடி வேற சிம்பல்ல விழும்.

இந்த ஜேஎஸ்எஃப்எக்ஸை இன்புட் எஃப்எக்ஸ்ல (ரெக்கார்ட் ஆகறதுக்கு முன்னாடியே மாத்தற இடம்) போடாதீங்க, ட்ராக்ல சாம்ப்ளருக்கு முன்னாடி போடுங்க. அப்பத்தான் ரெக்கார்ட் ஆகறது நீங்க அடிச்ச அதே நம்பர். நாளைக்கு வேற தபேலா செட் வாங்கினா அட்டவணையை மட்டும் திருத்தினாப் போதும், திரும்ப வாசிக்க வேண்டாம்.

கச்சேரிபேட் எழுதியது:

அண்ணே, நண்பரை உக்கார வெச்சு நீங்க சொன்னபடியே எழுத வெச்சேன். டக்கா வந்திருச்சு, என் கை எங்க தேடுச்சோ அங்கயே! தவில் தனி சேனல்ல தனியா விழுது. ஷேக்கரை வேணும்னே இருபது தரம் காலைத் தூக்கித் தூக்கிப் பாத்தோம், ஒழுங்கா நிக்குது.

ஆனா கிக் காணோம். 36 வருதுன்னு விளக்கு எரியுது, சத்தம் மட்டும் இல்ல. 61, 62ம் ஊமை.

பைட்பித்து எழுதியது:

அட்டவணையில மாத்த வேண்டிய நோட்டை மட்டும் நிரப்பியிருப்பீங்க. மிச்ச கட்டமெல்லாம் 0. அதனால 36 வந்தா நோட் 0ஆ, சேனலும் மாறிப் போகுது, அங்க உங்க சாம்ப்ளர்ல ஒண்ணும் இருக்காது. முதல்ல 0ல இருந்து 127 வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் அதே நம்பரை எழுதுங்க, சேனல் அட்டவணை முழுக்க 9. அதுக்கு அப்புறம் 60, 63, 64, 66, 67ஐத் திருத்துங்க.

கச்சேரிபேட் எழுதியது:

கிக் வந்திருச்சுண்ணே. மணி பதினொண்ணே முக்கால்ங்கறதை மறந்து ஸ்பீக்கர்ல வெச்சே மிதிச்சுட்டேன், பின்னாடியே கீழ்வீட்டு அம்மாவும் வந்துட்டாங்க. 61, 62 காலையில பாக்கறேன்.