தண்ணீர் வரி ஏற்றும் முன்

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

தம்பி (உசிலம்பட்டி): மாமா, எங்கள் ஊர்க் குடிநீர்க் கணக்கு கையைக் கடிக்கிறது. கரண்ட் பில் ஒரு பக்கம், மோட்டார் காயில் கட்டும் கூலி ஒரு பக்கம். சிலர் வரியை ஏற்றச் சொல்கிறார்கள், சிலர் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் பிளீச்சிங் பவுடரைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

அக்கா (மேலூர்): பிளீச்சிங்கில் கை வைக்காதே தம்பி. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.

மாமா: மேலூர்ப் பாப்பா சொல்வது சரி. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும். மிச்சம் பிடிப்பதை வாங்கும்போது பிடி. மலிவு என்று மூட்டை மூட்டையாக அடுக்கினால் ஈரத்தில் வீரியம் போய்விடும். அப்புறம் இரண்டு பங்கு போட வேண்டி வரும்.

தம்பி: கரண்ட்டுக்கு?

மாமா: காசு போவதே அங்கேதான். நஷ்டமே இல்லையென்றால் ஒரு யூனிட், ஆயிரம் லிட்டரை 367 மீட்டர் தூக்கும். பழைய போர் மோட்டார் அதில் பாதி தந்தாலே பெரிது. டேங்க் நிறையும் முன்னும் பின்னும் மீட்டரைக் குறித்து வை. யூனிட் கூடிக்கொண்டே போனால் நீர்மட்டம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். பம்பிலிருந்து போகும் குழாயின் கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டுகிறார்களா?

தம்பி: ஆமாம் மாமா, முழுக்கத் திறந்தால் குழாய் வெடிக்கிறது.

மாமா: அப்படியென்றால் பம்பு தேவைக்கு மேல் பெரிது. அடுத்த முறை காயில் எரிந்தால் கட்டாதே, சின்னதாக மாற்று.

அத்தான் (மதுரை): எங்களுக்குத் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மேட்டிலிருந்து தானாக இறங்கும். உனக்கு ஒவ்வொரு சொட்டையும் கரண்ட்தான் தூக்குகிறது. கசிவைப் பார்த்தாயா?

மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல் 72 சதவீதத் தண்ணீர் கணக்கில் வராமல் போனது. கசிவையும் திருட்டு இணைப்பையும் விடாமல் அடைத்து, பிறகு ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று இரவு டேங்கை நிரப்பி, வீட்டுக் குழாய்களை மூடச் சொல்லி, விடியுமுன் மட்டத்தைப் பார்.

(மறுநாள்)

தம்பி: முக்கால் அடி இறங்கியிருக்கிறது மாமா! கோயில் பக்கத்து வால்வுத் தொட்டியில் காதை வைத்தால் சரசரவென்று கேட்கிறது. வரிப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டோம்.

மாமா: நல்லது. அடைத்த பிறகும் பற்றாவிட்டால், கணக்கை ஊர் முன் காட்டி ஏற்று. ஜனங்கள் கொடுப்பார்கள். குழாயை இணைக்கும் கப்ளிங்கை ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து வாங்கு, ஒட்டியதும் உடனே தண்ணீர் விடாதே, நன்றாகக் காயட்டும்.